ஓசை கேட்கிறது, சொல் கேட்கவில்லை: மண்டபங்களில் செவிக்குத் துணை வந்த வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மண்டபத்தில் பேச்சுப் போட்டி நடைபெற்றது. ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் தந்தையாரை முன்வரிசையில் அமர்த்தியிருந்தேன். தோட்டப்புறப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவர் அவர். மாணவன் எவனாவது ழகரத்தை லகரமாக ஒலித்துவிட்டால், இருந்த இடத்திலிருந்தே திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. அன்று அவர் எதையும் திருத்தவில்லை. போட்டி முடியும்வரை மேடையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே அமர்ந்திருந்தார். வீடு திரும்பும் வழியில், "இனிமே என்னைக் கூப்பிடாதப்பா. சத்தம் கேக்குது, சொல்லு கேக்கல" என்றார்.

அவர் செவித்துணைக் கருவி அணிந்துதான் வந்திருந்தார். அவருக்காகவே ஒலிபெருக்கியின் ஓசையையும் கூட்டச் சொல்லியிருந்தோம். அதன்பின் அவருக்கு இன்னும் குறைவாகவே விளங்கியது. இது ஏன் என்று தேடப் போனபோதுதான், பொது மண்டபங்களில் செவிக்குறையுடையோர் கேட்பதற்கென மனிதர்கள் கண்டுபிடித்த கருவிகளுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பதை அறிந்தேன். திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த மொழிக்கு உரியவர்கள் நாம். இந்த வரலாற்றை நாமும் அறிந்திருப்பது நலம் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

தொலைவு என்னும் பகை

முதலில் என் தந்தையாரின் சொல்லுக்குப் பொருள் காண்போம். திறந்த வெளியில் ஒருவர் பேசும்போது, கேட்பவர் விலகிச் செல்லும் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறைகிறது. 1 மீட்டர் தொலைவில் 60 டெசிபெல்லாக இருக்கும் பேச்சு, 8 மீட்டர் தொலைவில் 42 டெசிபெல்லாகத் தேய்ந்துவிடும். மண்டபத்திற்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் ஓசை அவ்வளவு தேய்வதில்லை. ஆயினும் திரும்பி வரும் அந்த எதிரொலி, முன் சொன்ன அசையின் மேல் பின் சொன்ன அசையை ஏற்றி இரண்டையும் குழப்பிவிடுகிறது. மின்விசிறியின் இரைச்சலும், பிள்ளைகளின் சலசலப்பும், நாற்காலி நகரும் ஒலியும் இதனோடு கலக்கின்றன.

செவிப்புலன் நன்கு இருப்போரின் மூளை இந்தக் கலவையிலிருந்து பேச்சைப் பிரித்தெடுத்துக்கொள்கிறது. செவிக்குறையுடையோருக்கு அது எளிதன்று. செவித்துணைக் கருவியின் ஒலிவாங்கி இருப்பதோ அவருடைய காதில். பேசுபவரின் வாயிலிருந்து அது வெகு தொலைவில் இருக்கிறது. தன்னிடம் வந்து சேரும் பேச்சு, எதிரொலி, இரைச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்தே அது பெருக்கித் தருகிறது. ஒலிபெருக்கியின் ஓசையைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடுகிறது. ஆகவே, வேண்டியது இன்னும் பெரிய ஓசையன்று. பேசுபவரின் வாய்க்கும் கேட்பவரின் செவிக்கும் இடையிலுள்ள வெளியைக் கடந்து செல்லும் ஒரு வழி.

அரசர் அமர்ந்த ஆசனம்

அந்த வழியைத் தேடியவர்களில் போர்த்துகல் நாட்டு மன்னர் ஆறாம் ஜோவானும் ஒருவர். செவிக்குறை கொண்டிருந்த அவருக்காக இலண்டனைச் சேர்ந்த ரெய்ன் என்னும் கருவி வினைஞர் 1819ஆம் ஆண்டு ஓர் ஆசனம் செய்தார். அதன் கைப்பிடிகள் வாய் திறந்த சிங்கங்களாகச் செதுக்கப்பட்டிருந்தன. மன்னரிடம் பேச வந்தவர்கள் மண்டியிட்டு அந்தச் சிங்க வாயருகே பேச வேண்டும். அந்த ஒலி உள்ளீடற்ற கைப்பிடிகள் வழியாகவும் குழாய் வழியாகவும் மன்னரின் செவியைச் சென்றடையும்.

வந்தவர்கள் மன்னருக்கு அடங்கி மண்டியிட்டார்கள். சாதாரண மனிதருக்காக யாரும் மண்டியிடுவதில்லை. அவர்கள் உலோகத்தாலான ஊதுகுழல் போன்ற கருவியைத் தாமே செவியில் வைத்துக்கொண்டு, பேசுபவரிடம் நெருங்கிச் செல்ல வேண்டியிருந்தது.

இருக்கையில் கட்டிய கம்பி

தொலைபேசி தோன்றிய பின்னர் நிலை மாறியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மில்லர் ரீஸ் ஹட்சிசன் 1898ஆம் ஆண்டளவில் மின்சாரத்தால் இயங்கும் செவித்துணைக் கருவியை உருவாக்கினார். பின்னாளில் எடிசனிடம் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றியவர் இவர். செவிக்குறை கொண்டிருந்த இங்கிலாந்து அரசி அலெக்சாண்ட்ராவும் இவருடைய கருவியைப் பயன்படுத்தினார்.

இவ்வகைக் கருவிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவாலயங்களிலும் பொருத்தப்பட்டன. உரை நிகழ்த்துபவரின் மேடையில் ஓர் ஒலிவாங்கி இருக்கும். அதிலிருந்து கம்பிகள் தரை வழியாகச் சென்று சில குறிப்பிட்ட இருக்கைகளை அடையும். அங்கே அமர்பவர் செவியொலிப்பானை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளலாம். தொலைவு என்னும் பகையை மனிதன் முதன்முதலாக இப்படித்தான் வென்றான். எனினும் கேட்பவர் அந்த இருக்கையோடு கட்டுண்டிருந்தார். மனைவி மக்களோடு சேர்ந்து அமர விரும்பினாலும் கம்பி இருக்கும் இடத்தில்தான் அமர வேண்டும்.

இங்கே வேறொரு நிகழ்வையும் நினைவுகூரலாம். 1945ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் நீதிபதிகள், வழக்கறிஞர்கள், குற்றஞ்சாட்டப்பட்டோர் என எல்லாரும் ஹெட்போன் அணிந்திருந்தார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் ஆகிய நான்கு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு கம்பி வழியாக வந்தது. ஹெட்போன் அணிந்ததற்காக அங்கே எவரும் வெட்கப்படவில்லை. மொழி புரியாதவர் அதை அணிந்தால் இயல்பாகத் தோன்றுகிறது. காது கேளாதவர் அணிந்தால் மட்டும் ஏன் பலரும் திரும்பிப் பார்க்கிறார்கள்?

கம்பியை அறுத்த மனிதர்

மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நாம் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு கம்பியில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் சென்றால் அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உண்டாகும். அப்புலத்தில் வேறொரு கம்பிச்சுருளை வைத்தால் அதிலும் மின்னோட்டம் பிறக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டியதில்லை.

இந்தத் தத்துவத்தைச் செவிக்குப் பயன்படுத்தியவர் ஜோசப் பொலியாகாஃப். ரஷ்யாவிலிருந்து 1924ஆம் ஆண்டு குடும்பத்தோடு பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர். 1931இல் மல்டிடோன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிச் செவித்துணைக் கருவிகள் செய்தார். பிற்காலத்தில் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கும் கருவி வழங்கிய நிறுவனம் இது. 1937ஆம் ஆண்டு பொலியாகாஃப் தூண்டல் வளைய முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இதன் செயல்முறை எளியது. மண்டபத்தைச் சுற்றித் தரையோரமாக ஒரு கம்பியை வளையமாக இடுகிறார்கள். மேடை ஒலிவாங்கியில் பிறக்கும் பேச்சை ஒரு பெருக்கி மின்னோட்டமாக்கி அந்த வளையத்தில் செலுத்துகிறது. வளையத்திற்குள் பேச்சுக்கேற்ப ஏறி இறங்கும் காந்தப்புலம் உண்டாகிறது. செவித்துணைக் கருவிக்குள் அரிசிமணி போன்ற ஒரு சிறு கம்பிச்சுருள் இருக்கிறது. பலரும் இதை டெலிகாயில் என்பர். கருவியில் 'டி' என்னும் நிலையைத் தேர்ந்தால் ஒலிவாங்கி ஓய்ந்து இந்தச் சுருள் விழித்துக்கொள்ளும். மண்டபத்து இரைச்சலும் எதிரொலியும் அப்போது உள்ளே வருவதில்லை. மேடைப் பேச்சு மட்டும், அருகில் அமர்ந்து பேசுவதுபோல் வந்து சேர்கிறது.

இம்முறையில் வேறு நன்மைகளும் உண்டு. பயனாளரின் செவிக்கேற்பச் சீரமைக்கப்பட்ட அவருடைய சொந்தக் கருவியே ஒலியைத் தருகிறது. யாரிடமும் சென்று எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. விரும்பிய இருக்கையில் அமரலாம். வளையத்திற்குள் பத்துப் பேர் இருந்தாலும் நூறு பேர் இருந்தாலும் ஒன்றே. குறைகளும் இல்லாமல் இல்லை. தரையிலுள்ள இரும்புக் கம்பிகள் காந்தப்புலத்தை நலியச் செய்யும். பழுதான மின்கம்பிகள் ரீங்கார ஒலியைக் கிளப்பும். அடுத்த அறைக்கும் பேச்சு கசியும். எனவேதான் காந்தப்புலம் எவ்வளவு வலிமையாக இருக்க வேண்டும் என்பதற்கு 1981ஆம் ஆண்டு அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரு தரநிலையை வெளியிட்டது.

வகுப்பறைக்கு வந்த வானொலி

வளையம் மண்டபங்களுக்குப் பொருந்தியது. அடுத்தடுத்து வகுப்பறைகள் உள்ள பள்ளிகளிலோ கசிவு பெருந்தொல்லையாக இருந்தது. நான்காம் ஆண்டு வகுப்பின் கணிதப் பாடம் ஐந்தாம் ஆண்டு மாணவனின் காதில் விழுந்தால் என்னாவது? இதற்குத் தீர்வாக வந்தது பண்பலை வானொலி. ஆசிரியர் சட்டையில் ஒரு சிறு ஒலிவாங்கியும் ஒலிபரப்பியும் அணிந்திருப்பார். மாணவன் வாங்கியை அணிந்திருப்பான். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அலைவரிசை. அமெரிக்காவில் 72 முதல் 76 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி 1970களில் இத்தகைய கல்விப் பயன்பாட்டிற்கு வந்தது. பின்னர் பொது மண்டபங்களுக்கும் விரிந்தது.

ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பினாலும், வகுப்பின் கடைசிக்கு நடந்து சென்றாலும், அவர் குரல் மாணவனின் காதருகே ஒரே அளவில் ஒலித்துக்கொண்டிருக்கும். கேட்டலால் மொழியைக் கற்கும் குழந்தைக்கு இது எத்துணைப் பெரிய உதவி என்பதை மொழியாசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லகர, ளகர, ழகர வேறுபாட்டையோ, சொல்லின் இறுதியில் வரும் விகுதியையோ காதால் கேளாத குழந்தை அதை எழுத்தில் எப்படிக் கொண்டுவரும்? எழுத்துப்பிழை என்று நாம் சிவப்பு மையால் வட்டமிடும் சிலவற்றின் வேர் கையில் இல்லாமல் காதில் இருக்கலாம்.

1970களில் அகச்சிவப்புக் கதிர் முறையும் வந்து சேர்ந்தது. தொலைக்காட்சியை இயக்கும் கைக்கருவியில் உள்ள அதே வகைக் கண்ணுக்குப் புலப்படாத ஒளியில் பேச்சை ஏற்றி அனுப்புவது இம்முறை. ஒளி சுவரைக் கடக்காது. ஆகவே, இரகசியம் காக்க வேண்டிய நீதிமன்றங்களும், பக்கத்துப் பக்கத்து அரங்குகளில் வெவ்வேறு காட்சிகள் நடக்கும் திரையரங்குகளும் இதனை விரும்பின. நேரடி வெயில் படும் இடத்தில் மட்டும் இது திணறும்.

சட்டமும் அலமாரியும்

கருவிகள் இருந்தும் அவற்றைப் பொருத்த வேண்டிய கட்டாயம் வெகுகாலம் எவருக்கும் இருக்கவில்லை. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் கையெழுத்தான மாற்றுத்திறனாளிகள் சட்டம் அந்த நிலையை மாற்றியது. 2010ஆம் ஆண்டின் தரவிதிகளின்படி, ஒலிபெருக்கி பொருத்தப்பட்ட 200 இருக்கை மண்டபத்தில் குறைந்தது 8 வாங்கிகள் இருக்க வேண்டும். அவற்றுள் 2 செவித்துணைக் கருவியோடு இணைந்து இயங்கக் கூடியவையாக இருத்தல் வேண்டும். கழுத்தில் மாலைபோல் அணியும் கம்பிச்சுருள் அந்த இணைப்பைச் செய்கிறது. பிரிட்டனில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னர் தேவாலயங்கள், அஞ்சலகங்கள், பயணச்சீட்டு முகப்புகள் எனப் பல இடங்களில் வளையங்கள் பரவின. இலண்டன் கறுப்பு வாடகைக் கார்களிலும் அவை உண்டு.

சட்டம் கருவியை வாங்க வைத்தது. பயன்படுத்த வைக்க அதனால் இயலவில்லை. வாங்கிகள் பெட்டியோடு அலமாரியில் கிடந்தன. சாவி வைத்திருப்பவர் அன்று விடுப்பில் இருப்பார், மின்கலம் தீர்ந்திருக்கும். இவற்றையெல்லாம் கடந்து கருவியைக் கேட்டுப் பெறுவதற்கு, நுழைவாயிலில் பலர் முன்னிலையில் "எனக்குக் காது கேட்காது" என்று சொல்ல வேண்டும். செவிக்குறையுடைய பலர் சொல்ல விரும்பாத சொற்றொடர் அது.

இங்கேதான் வளையத்தின் அருமை மீண்டும் உணரப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து உளவியல் பேராசிரியர் டேவிட் மையர்ஸ் 1999ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலுள்ள பழம்பெரும் மடாலயத்திற்குச் சென்றார். செவிக்குறையுடைய அவருக்குக் கற்சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலியில் எதுவும் விளங்கவில்லை. காது படமும் 'டி' எழுத்தும் கொண்ட அறிவிப்பை அவர் மனைவி சுட்டிக்காட்டினார். மையர்ஸ் தம் கருவியை அந்த நிலைக்கு மாற்றினார். மறுகணமே பேசுபவரின் குரல் தெள்ளத் தெளிவாகக் கேட்டது. ஊர் திரும்பிய அவர் தம் பகுதித் தேவாலயங்களையும் மண்டபங்களையும் அணுகி வளையம் பொருத்தச் செய்தார். இன்று மேற்கு மிச்சிகனில் நூற்றுக்கணக்கான இடங்களில் வளையங்கள் உள்ளன. கிராண்ட் ராப்பிட்ஸ் விமான நிலையமும் அவற்றுள் ஒன்று. 2011ஆம் ஆண்டு நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் முகப்புகளிலும் வளையங்கள் பொருத்தும் பணி நடைபெற்றது.

1937இலேயே காப்புரிமை பெற்ற ஒரு முறை, கேட்பவர் ஒருவர் எழுந்து நின்று கேட்ட பிறகே அவ்வூர்களை எட்டியது. இந்த வரலாறு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே. கண்டுபிடிப்பு முன்பே ஆயத்தமாக இருந்தது. அதை வேண்டும் என்று கேட்கவும், நிகழ்ச்சி நாளன்று இயக்கி வைக்கவும்தான் ஆள் இல்லை.

புதிய வரவு

2020ஆம் ஆண்டு ஜனவரியில் புளூடூத் அமைப்பு, குறைந்த மின்னாற்றலில் இயங்கும் புதிய ஒலி முறையை அறிவித்தது. ஒரே ஒலிபரப்பை எண்ணற்றோர் ஒரே நேரத்தில் பெறும் அதன் பகுதிக்கு 2022இல் ஆராகாஸ்ட் என்று பெயரிட்டது. செவித்துணைக் கருவி அணிந்தவரும், சாதாரணச் செவியொலிப்பான் அணிந்த இளைஞரும் இதில் ஒரே ஒலிபரப்பைக் கேட்கலாம். நியூரம்பெர்க் மண்டபம்போல், எல்லாரும் அணிவதால் எவருக்கும் வெட்கம் இல்லாத காலம் இதனால் வரக்கூடும். எனினும், இன்று முதியோர் அணிந்திருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இதற்கு முந்தியவை. ஆகவே, பழைய வளையமும் 'டி' நிலையும் இன்னும் பல்லாண்டுகள் வேண்டியிருக்கும்.

நம் மண்டபங்களில்

மலேசியாவில் கேளாதோர் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. பினாங்கில் 1954ஆம் ஆண்டே கேளாதோர் பள்ளி தொடங்கப்பட்டது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது வசதிகள், கல்வி, பண்பாட்டு வாழ்க்கை ஆகியவற்றில் அவர்களுக்குள்ள உரிமையை ஏற்கிறது. ஆயினும் முதுமையால் மெல்லச் செவி மங்கியோரும், ஒரு காதில் மட்டும் குறையுள்ள மாணவரும் எவர் கண்ணிலும் படுவதில்லை. முதியவர் கூட்டத்திற்கு வராமல் நின்றுவிடுகிறார். மாணவன் "கவனம் இல்லாதவன்" என்ற பெயரைப் பெற்றுவிடுகிறான்.

செலவில்லாமல் செய்யக் கூடியவை சில உண்டு. கூட்டத்தில் யார் பேசினாலும் ஒலிவாங்கியில் பேசச் சொல்லலாம். "என் குரல் எல்லாருக்கும் கேட்கும், மைக் வேண்டாம்" என்று சொல்வோருக்கு, அந்த ஒலிவாங்கி வழியாக மட்டுமே கேட்கும் ஒருவர் சபையில் இருக்கலாம் என்பதை எடுத்துரைக்கலாம். சபையிலிருந்து எழும் கேள்வியை மேடையில் இருப்பவர் திரும்பச் சொல்லலாம். பெற்றோர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் கருவியில் 'டி' நிலை உள்ளதா, அது இயங்குகிறதா என்று செவிப்புலன் வல்லுநரிடம் கேட்கலாம். கருவி வாங்கப்பட்டிருந்தால், நிகழ்ச்சிக்கு முதல் நாளே செவித்துணைக் கருவி அணியும் ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். என் தந்தையாரின் கருவியில் அந்தக் கம்பிச்சுருள் இருந்தது. வாங்கிய இடத்தில் எவரும் அதைப் பற்றிச் சொல்லவுமில்லை, இயங்கும்படி அமைத்துத் தரவுமில்லை. நான்கு ஆண்டுகள் அது அவர் காதிலேயே உறங்கிக் கிடந்தது. பின்னர் வேறொருவர் அதை ஐந்தே நிமிடங்களில் சரிசெய்து தந்தார். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மனமிரங்கி ஒரு சிறு ஒலிபரப்பியும் ஆறு வாங்கிகளும் வாங்கித் தந்தது.

அடுத்த ஆண்டுப் பேச்சுப் போட்டிக்கு மிகவும் வற்புறுத்தித்தான் அவரை அழைத்துச் சென்றேன். கழுத்துச் சுருளைச் சட்டைக்குள் மறைத்து அணிந்துகொண்டார். முன்வரிசை வேண்டாம் என்று தம் பழைய நண்பரோடு நடுவில் போய் அமர்ந்தார். போட்டி முடிந்து காரில் ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"அந்த மூணாவது பையனுக்கு ழகரம் வரல. வீட்ல சொல்லிக் குடுக்கச் சொல்லுப்பா."

மறுநாள் காலையிலேயே அந்த மாணவனின் தாயாரை அழைத்துச் சொன்னேன்.